ஓட்டை போடத் தெரியும், அடைக்கத் தெரியாதா?

ராயபுரத்தில் கடல் காற்றுக்கே சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. இதில் இன்டர்நெட் இணைப்பு கொடுக்க வருகிறவர்கள் வேறு! ஒயர் பென்சில் தடிமன்கூட இல்லை, ஓட்டையில் கட்டைவிரலே நுழைகிறது. அடைக்க ஒரு உருண்டை எம்-சீல் வைத்தால் குறைந்தா போய்விடும்? ஓட்டையை வெளிப்பக்கம் சரிவாகப் போட்டு, ஒயரை நுழைக்குமுன் கீழே ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இதுகூடவா தெரியாது? ஐப்பசி மழையில் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வருகிறது. ஈரம் காயாமல் பட்டி பூசினால் உப்பு அதையும் தள்ளிவிடும். நகத்தால் சுரண்டினாலே காரை மாவாகக் கொட்டுகிறது. சரி, இணைப்பை மாற்றினோம். வந்தவர்கள் பழைய ஒயரை அப்படியே தொங்கவிட்டு, பக்கத்திலேயே புது ஓட்டை! கேட்டால், "அது எங்க வேலை இல்ல சார்." அப்புறம் யார் வேலை அது?