விமான லேசருக்கு அரபிக்கடலின் அடி தெரியுமா?

மும்பை மாட்டுங்கா, தாராவி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல்: "விமானத்திலிருந்து லேசர் அடித்தால் அரபிக்கடலின் அடிவரை தெரியும்." இது தவறு.

விமான லைடார் (லேசர் ஒளி போய்த் திரும்பும் நேரத்தால் தூரம் அளக்கும் கருவி) பொதுவாக 532 நானோமீட்டர் பச்சைத் துடிப்பை அனுப்பும். நீரில் ஒரு மீட்டர் ஆழம் போய்த் திரும்ப அதற்கு ஏறக்குறைய 9 நானோநொடி. இந்த நேரக் கணக்கால்தான் கடல்நீரில் மிதந்து வாழும் மிதவையுயிரி (பிளாங்க்டன்) அடுக்கின் ஆழத்தை அளக்கிறார்கள். செங்குத்தாக அடித்தால் நீர்ப்பரப்பின் பளிச்சிடல் உணரியைத் திணறடித்து, மேல் சில மீட்டர்களின் தரவையே கெடுத்துவிடும். அதனால் கற்றையைச் சற்றுச் சாய்த்து அனுப்புவார்கள்.

மிகத் தெளிந்த நீரிலும் எட்டுவது சில பத்து மீட்டர்கள்தான். நீரின் தெளிவை அளக்க இறக்கும் வெள்ளை செக்கி வட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைப்போல இரண்டு, மூன்று மடங்கு என்பது நடைமுறைக் கணக்கு. மும்பைக் கரையோர மாஹிம் கலங்கலில் வட்டு ஒரு மீட்டரில் மறைந்தால், மூன்று மீட்டருக்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். அரபிக்கடலின் ஆழப்பகுதியோ ஆயிரக்கணக்கான மீட்டர். அங்கே கப்பலின் ஒலி அளவீடுதான் வழி.