ரே யாரோ ஒருவரின் மகளாகவே இருந்திருக்கலாம்

தி லாஸ்ட் ஜெடாய் வெளியான 2017 டிசம்பரில் ஸ்டார் வார்ஸ் விண்வெளிப் படத்தொடரின் ரசிகர்களிடையே விழுந்த விரிசல் இன்றுவரை அடைபடவில்லை. அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், நீ எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எதிரில் இருப்பவர் அடுத்த வார்த்தையைப் பேசுகிறார். நான் அந்தப் படத்தின் பக்கம் நிற்பவன். டிஸ்னி எடுத்த மூன்று தொடர்ச்சிப் படங்களில் துணிவோடு எழுதப்பட்டது அது ஒன்றுதான் என்றும், தொடருக்கு உண்மையான சேதத்தை உண்டாக்கியது அதுவல்ல, அதன் மீது எழுந்த கோபத்துக்குப் பணிந்து போனதாக எனக்குப் படுகிற 2019ஆம் ஆண்டின் தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்தான் என்றும் உறுதியாக நம்புகிறேன்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களின் வருத்தத்தை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. 1983இல் ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய் முடிந்த பிறகு பழைய படங்களின் நாயகன் லூக் ஸ்கைவாக்கருக்கு என்ன ஆனது என்ற கேள்விக்கு, 1991இல் டிமதி ஜான் எழுதத் தொடங்கிய நாவல்கள் முதலாகப் பல நூல்கள் விடை சொல்லி வந்தன. அவற்றில் லூக், ஒளிவாள் ஏந்தும் வீரர்களான ஜெடாய்களின் மரபை மீண்டும் கட்டி எழுப்புகிறான். மாரா ஜேடை மணக்கிறான். ஒரு தலைமுறைக்கே ஆசானாகிறான். 2012இல் லூகாஸ் ஃபிலிம் நிறுவனத்தை டிஸ்னி ஏறத்தாழ 405 கோடி டாலருக்கு வாங்கியது. 2014 ஏப்ரலில் அந்த நூல்கள் அனைத்தும் ‘லெஜண்ட்ஸ்’ என்ற பெயரின் கீழ் ஒதுக்கப்பட்டு, இனி வரும் கதைகளை அவை கட்டுப்படுத்தா என்று அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த லூக்கோடு வாழ்ந்த வாசகருக்கு, தனித்தீவில் ஒளிந்துகொண்டு, தேடி வந்த புதிய நாயகி ரேயைப் போகச் சொல்லும் கிழவனைத் திரையில் பார்ப்பது எவ்வளவு வலித்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்தக் கிழவனிடம்தான் பழைய லூக் முழுமையாக இருக்கிறான் என்பதே என் வாதம். 2015இல் வந்த முதல் தொடர்ச்சிப் படமான தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ் எப்படி முடிந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அயர்லாந்தின் ஸ்கெல்லிக் மைக்கேல் தீவில் எடுக்கப்பட்ட அந்தக் கடைசிக் காட்சியில், ரே கற்படிகளில் ஏறிச் சென்று, லூக்கின் முன் நின்று ஒளிவாளை நீட்டுகிறாள்; அத்தோடு படம் முடிகிறது. அவன் என்ன செய்யப்போகிறான் என்று உலகமே இரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. அடுத்த படத்தில் அவன் அதை வாங்கி, ஒரு கணம் பார்த்துவிட்டு, தோளுக்குப் பின்னால் தூக்கி எறிகிறான். திரையரங்கில் பலருக்கு மனம் உடைந்தது அந்த நொடியில்தான். அது அவனுடைய தந்தை அனாகினின் வாள். ஜெடாய் ஆலயத்துக் குழந்தைகளை அனாகின் கொன்றது அந்த வாளால்தான். 1980ஆம் ஆண்டின் படத்தில், வேடர் என்ற பெயரில் தீயவனாகிவிட்ட அதே அனாகின் லூக்கின் கையை வெட்டியபோது, அந்தக் கையோடு சேர்ந்து கீழே விழுந்ததும் அதுவே. அதற்கும் மேலாக, 1983இல் பேரரசன் பால்படைனின் முன் நின்று, வீழ்ந்து கிடக்கும் தந்தையைக் கொல்ல மறுத்து, கையிலிருந்த தன் வாளைத் தூக்கி எறிந்ததுதான் லூக்கின் வாழ்நாள் வெற்றி. வாளை எறிவது லூக்கின் குணத்துக்கு மாறானது என்று சொல்பவர்கள் அந்தக் காட்சியை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

தந்தையிடம் நல்லது இருக்கிறது என்று நம்பியவன், உறங்கிக்கொண்டிருக்கும் தங்கை மகனுக்கு எதிராக வாளை உயிர்ப்பிப்பானா என்ற கேள்வி இன்னும் வலிமையானது. படம் அந்த இரவை மூன்று முறை சொல்கிறது: முதலில் லூக் மறைத்துச் சொல்வது, அடுத்து, பின்னாளில் கைலோ ரென் என்று பெயர் மாறிய அந்தத் தங்கை மகன் நினைவில் வைத்திருப்பது, கடைசியாக லூக் ஒப்புக்கொள்வது. பையனின் மனத்தில் திரண்டிருக்கும் இருளைக் கண்டு ஒரு நொடி கை வாளுக்குப் போகிறது. அடுத்த நொடியே வெட்கம் அவனைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் பையன் அதற்குள் கண்விழித்துவிட்டான். 1983இல் தங்கை லேயாவைப் பற்றி வேடர் பேசியவுடன் ஆத்திரம் தலைக்கேறி, தந்தையின் கையைத் துண்டித்த பிறகே தன்னிலைக்குத் திரும்பியவனும் இதே லூக்தான். இந்தத் தடுமாற்றம் அவனுக்குப் புதிதல்ல. நான் குறை சொல்வது வேறு இடத்தில். தங்கை லேயாவைப் போர்க்களத்தில் தனியே விட்டுவிட்டு அத்தனை ஆண்டுகள் மறைந்திருந்ததற்குப் படம் போதிய இடம் கொடுக்கவில்லை. லூக், லேயா, பழைய தோழன் ஹான் மூவரும் இந்த மூன்று படங்களில் ஒரே காட்சியில் ஒருமுறைகூடச் சேர்ந்து நிற்கவில்லை என்பதும் மன்னிக்க முடியாத இழப்பு. ஹானை 2015ஆம் ஆண்டின் படமே கொன்றுவிட்டது. லேயாவாக நடித்த கேரி ஃபிஷர் 2016 டிசம்பரில் காலமானார். அந்த வாய்ப்பு இனி எப்போதும் வராது. அந்தப் பழி தி லாஸ்ட் ஜெடாயின் இயக்குநர் ரியன் ஜான்சன் ஒருவரை மட்டும் சேர்வதில்லை.

உப்புத் தரைக் கோளில் நடக்கும் இறுதி மோதலையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தரையில் யார் கால் வைத்தாலும் வெண்மைக்கு அடியிலிருந்து சிவப்பு எழுகிறது. லூக்கின் காலடியில் மட்டும் எழுவதில்லை. அவன் கையில் இருப்பதோ சற்று முன்னர் இரண்டாக உடைந்துபோன அதே நீல வாள். அவன் அங்கு உடலால் இல்லை என்பதைப் படம் நமக்கு நேர்மையாகவே காட்டிக்கொண்டிருந்தது. ஒருவரையும் காயப்படுத்தாமல், தப்பித்துச் செல்பவர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, இரட்டைச் சூரியன்களைப் பார்த்தபடி மறைகிறான். ஒரு ஜெடாய்க்கு இதைவிடப் பெருமையான முடிவு எனக்குத் தெரியவில்லை.

இப்போது என் உண்மையான ஆதங்கத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தின் மிகச் சிறந்த முடிவு, ரேயின் பெற்றோரைப் பற்றியது. குடிப்பதற்கான காசுக்காக மகளை விற்றுவிட்டு, ஜாக்கு பாலைவனத்தில் புதைந்துபோன பழைய இரும்பு வியாபாரிகள் அவர்கள். கதையில் அவளுக்கு இடமே இல்லை என்று கைலோ அவள் முகத்துக்கு நேரே சொல்கிறான்; அந்த உண்மையோடு அவள் எழுந்து நிற்கிறாள். படத்தின் கடைசிக் காட்சியில், லாயத்தில் வேலை செய்யும் பெயர் தெரியாத சிறுவன் ஒருவன் கையை நீட்ட, துடைப்பம் தானாக அவன் கைக்கு வருகிறது. ஃபோர்ஸ் என்ற அந்த மாய ஆற்றல் எந்தக் குடும்பத்தின் சொத்தும் அல்ல என்று இவ்வளவு தெளிவாக இந்தத் தொடர் அதற்கு முன் சொன்னதில்லை. பிறப்பால் வரும் தகுதி என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் காட்சி எவ்வளவு பெரியது!

இரண்டே ஆண்டுகளில் அது பறிக்கப்பட்டது. ரே பால்படைனின் பேத்தியாக்கப்பட்டாள். 1983இல் மடிந்த பால்படைன் எப்படி உயிரோடு வந்தான் என்பதற்கு உருப்படியான விளக்கம் இல்லை; அவன் திரும்பி வந்ததை அறிவிக்கும் குரல் படத்தில்கூட ஒலிக்கவில்லை, படம் வெளியாவதற்குச் சில நாள்களுக்கு முன் ஃபோர்ட்நைட் என்ற கணினி விளையாட்டில் ஒலித்தது. கைலோ உடைத்தெறிந்த முகமூடி மீண்டும் ஒட்டவைக்கப்பட்டது. வாளை நெருப்பில் எறிய முனையும் ரேயை, ஆவியாக வரும் லூக் தடுத்து, ஜெடாயின் ஆயுதத்துக்கு மரியாதை தர வேண்டும் என்கிறான். அந்த வசனத்தைக் கேட்டபோது, முந்தைய படத்துக்காக ஒரு நிறுவனம் பொதுமன்னிப்பு கேட்பதைப் பார்ப்பதாகவே உணர்ந்தேன். லூக் வளர்ந்த டாட்டூயின் கோளில் நின்று தன் பெயர் ரே ஸ்கைவாக்கர் என்று அவள் சொல்வதை, குடும்பத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையாகப் பார்க்கும் நண்பர்கள் உண்டு. அந்தப் பார்வையை மதிக்கிறேன். எனினும், ஒரு பெருங்குடும்பத்தில் பிறந்ததாகச் சொல்லி, இன்னொரு பெருங்குடும்பத்தின் பெயரைச் சூட்டி முடிப்பதற்கு, அவளை வெறும் ரேயாகவே விட்டிருக்கலாம்.

இந்தப் பணிவால் யாருக்கு நிறைவு கிடைத்தது? படம் பார்த்து வெளியே வருபவர்களிடம் கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோர், 2015, 2017 படங்கள் இரண்டுக்கும் ‘ஏ’ தரம் கொடுத்தது. சமாதானம் செய்ய வந்த படத்துக்கோ ‘பி பிளஸ்’தான். உலக வசூல் 207 கோடி டாலரில் தொடங்கி, 133 கோடிக்கு வந்து, 107 கோடியில் முடிந்தது. பத்தாண்டு இடைவெளிக்குப் பின் வந்த முதல் படத்தின் வசூல் அடுத்ததற்கு வராது என்பது இயல்பே. ஆனால் ஒரு பெருங்கதையின் நிறைவுப் படம் மூன்றிலும் குறைவாக ஈட்டியதை அப்படி விளக்கிவிட முடியாது. வெறுத்தவர்கள் திரும்பி வரவில்லை, நேசித்தவர்களும் காயப்பட்டார்கள்.

காயப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது நடிகர்களை மறக்க முடியாது. ரோஸ் பாத்திரத்தில் நடித்த கெல்லி மேரி டிரான், இனத்தையும் பாலினத்தையும் குறிவைத்த வசைகளுக்குப் பிறகு 2018இல் தம் இன்ஸ்டாகிராம் பதிவுகளை நீக்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையை, பெற்றோர் இட்ட லோன் என்ற பெயரைச் சொல்லி, தாம் இப்போதுதான் தொடங்குகிறோம் என்று முடித்தார். அடுத்த படத்தில் அவருடைய பாத்திரம் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டது. அதை வசைபாடியவர்களின் வெற்றியாகவே நான் பார்க்கிறேன். இது இவர்களோடு தொடங்கியதும் அல்ல. 1999இல் ஜார் ஜார் பிங்க்ஸாக நடித்த அகமது பெஸ்ட், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை அந்த வெறுப்பு தம்மைத் தள்ளியதைப் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். அதே சமயம், இந்தப் படத்தைப் பிடிக்கவில்லை என்று சொன்ன ஒவ்வொருவரையும் இனவெறியர் என்று முத்திரை குத்திய என் பக்கத்தாரும் தவறிழைத்தார்கள். லூக்குக்காக வருந்துவதும் ஒரு நடிகையை வேட்டையாடுவதும் ஒன்றல்ல. ஃபின் பாத்திரம் வீணடிக்கப்பட்டதைப் பற்றி ஜான் போயேகா 2020இல் மனம் திறந்து பேசியபோது, இரு பக்கத்தாரும் அவரோடு உடன்பட்டதைக் கண்டேன். நியாயமான குறையைச் சேர்ந்து பேச நம்மால் முடியும்.

2023 ஏப்ரலில் லண்டனில் நடந்த ரசிகர் விழாவில், புதிய ஜெடாய் மரபை ரே கட்டி எழுப்புவதாக ஒரு படம் அறிவிக்கப்பட்டது. டெய்ஸி ரிட்லி மேடைக்கே வந்து நின்றார். அந்தப் படத்தை எழுதுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எங்களில் எந்தப் பக்கத்துக்கும் பயந்து எழுதாதீர்கள். அவளிடம் பயில வரும் முதல் மாணவர்களில், அந்த லாயத்துச் சிறுவனைப் போல, எந்தக் குடும்பப் பெயரும் இல்லாத ஒருவராவது இருக்கட்டும். அவருடைய பெற்றோர் யார் என்று எந்தக் காட்சியிலும் யாரும் கேட்காமல் இருக்கட்டும்.