தங்கச் சுரங்கப் பங்குக்கு கிரஹாம் சூத்திரம் சரிவருமா?

தங்கம் விலை ஏறும்போதெல்லாம், ஏதாவதொரு சுரங்க நிறுவனத்தின் பங்கை, மதிப்பு முதலீட்டின் முன்னோடியான பெஞ்சமின் கிரஹாமின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, நியாய மதிப்பில் பாதிக்கே கிடைக்கிறது என்று சொல்லும் பதிவுகள் பெருகிவிடுகின்றன. கிரஹாம் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அதனால்தான் அவருடைய சூத்திரத்தை அதற்குப் பொருந்தாத தொழிலில் பயன்படுத்துவதை எதிர்க்கிறேன்.

கணக்கு எளிமையானதுதான். எதிர்பார்க்கும் ஆண்டு வளர்ச்சி விகிதத்தை இரட்டித்து, அதோடு 8.5-ஐக் கூட்டி, ஒரு பங்குக்கான வருவாயால் பெருக்க வேண்டும். பிறகு 4.4-ஐ உயர்தர நிறுவனக் கடன்பத்திரங்களின் இன்றைய ஈட்டு விகிதத்தால் (அவை தரும் ஆண்டு வருமானச் சதவீதத்தால்) வகுத்து, அந்த எண்ணாலும் பெருக்க வேண்டும்.

கனடாவின் பேரிக் கோல்டு நிறுவனம் 2011-ல் ஒரு பங்குக்கு 4.49 டாலர் ஈட்டியது. வளர்ச்சி 5 சதவீதம், கடன்பத்திர ஈட்டு 4 சதவீதம் என்று வைத்தால் சூத்திரம் சுமார் 91 டாலர் என்கிறது. அந்த ஆண்டின் இறுதியில் பங்கு 45 டாலர் அளவில்தான் விற்றது. ஆனால் 2013-ல் தங்கம் விலை கால்பங்குக்கும் மேல் சரிந்தது. சிலி, அர்ஜென்டினா எல்லையில் ஆண்டீஸ் மலைமேல் அமைந்த, பேரிக்கின் பாஸ்குவா லாமா சுரங்கத் திட்டம் முடங்கியது. அந்த ஓராண்டில் மட்டும் நிறுவனம் 1,000 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியது. 2015-ல் பங்கு விலை 10 டாலருக்கும் கீழே போயிற்று.

சுரங்க நிறுவனம் தான் விற்கும் பொருளுக்குத் தானே விலை வைக்க முடியாது. அவுன்ஸுக்கு 1,500 டாலர் விலையும், பராமரிப்பு முதலீடுகள் உள்ளிட்ட முழுச் செலவான ஏஐஎஸ்சி 1,000 டாலரும் என்று கொள்வோம். தங்கம் 10 சதவீதம் இறங்கினால், மிஞ்சும் 500 டாலர் 350 ஆகிவிடும். அதாவது 30 சதவீதம் போய்விடும். விலை ஏறும்போதும் இதே வேகம்தான். ஆகவே சூத்திரத்தில் நாம் நிர்வாகத்தின் திறமையாக எண்ணி எழுதும் வளர்ச்சி விகிதம், பெரும்பாலும் தங்கத்தின் விலையைப் பற்றிய நம் ஊகமே.

அதைவிட முக்கியமானது, சுரங்கம் தீர்ந்துபோகும் சொத்து என்பது. லாபக் கணக்கில் தேய்மானம் கழிக்கப்படுவது உண்மை. ஆனால் அது பழைய செலவின் மீது போடப்படுகிறது, தோண்டி எடுத்ததற்கு ஈடாகப் புதிய தங்கப் படிவத்தைத் தேடுவதோ இன்றைய செலவில். இருப்பு, அதாவது மண்ணிலிருந்து லாபகரமாக எடுக்கக்கூடிய தங்கத்தின் அளவு என்பதும் விலையோடு சேர்ந்து அசையும் எண். பேரிக் 2012-ல் 1,500 டாலர் விலையை அடிப்படையாகக் கொண்டு சுமார் 14 கோடி அவுன்ஸ் இருப்பு காட்டியது. மறு ஆண்டு 1,100 டாலருக்கு மாற்றியபோது அது 10.4 கோடியாகக் குறைந்தது. சில சுரங்கங்களை விற்றதும் அதற்கு ஒரு காரணம் என்றாலும், விலை மாற்றத்தின் பங்கு பெரிது.

இப்படிப்பட்ட பங்கை மதிப்பிட, ஒவ்வொரு சுரங்கத்துக்கும் அது ஓயும் ஆண்டு வரையிலான பணவரத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, நிகரக் கடனையும் சுரங்கத்தை மூடிச் சீரமைக்கும் செலவையும் கழிப்பதே முறை. அதையும் இன்றைய தங்க விலையில் ஒரு முறை, அதைவிடக் கால்பங்கு குறைந்த விலையில் ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். கிரஹாம் சூத்திரம்தான் வேண்டும் என்பவர்கள், ஓர் உச்ச ஆண்டின் வருவாயை விட்டுவிட்டு, கிரஹாமே வலியுறுத்தியபடி பல ஆண்டுச் சராசரியை எடுத்து, வளர்ச்சியைப் பூஜ்யமாக வைக்கட்டும். பேரிக்கின் கணக்கில் 2009-ஐயும் சேர்த்திருந்தால், இனி எடுக்கப்போகும் தங்கத்துக்கு முன்கூட்டியே விலை பேசிய முன்விற்பனை ஒப்பந்தங்களைத் தீர்த்துக்கொண்டதால் அந்த ஆண்டு நேர்ந்த 400 கோடி டாலருக்கு மேலான நட்டம், 91 டாலர் என்ற எண்ணை எழுதவே விட்டிருக்காது.