மன்னர் பதவி வேறு, இது வேறு
கானாவில் வெளிநாட்டாருக்குத் தரும் பட்டங்கள் பற்றிய இந்தக் கட்டுரையில், அங்குள்ள அசாந்தே ராஜ்யத்தில் ‘வெளிநாட்டார்கூட மன்னராகிவிடலாம்’ என்று இருப்பது கொஞ்சம் ஓவர். வெளியாருக்குப் பெரும்பாலும் தருவது ‘என்கோசுவோஹெனே’ பட்டம், அதாவது வளர்ச்சித் தலைவர். அசாந்தே மன்னர் இரண்டாம் ஒபோக்கு வாரே 1985-ல் ஏற்படுத்தியது. இந்தப் பட்டம் பெற்றவர் ஊர் நிலத்தில் கை வைக்க முடியாது, வழக்குத் தீர்க்க முடியாது. கானாவின் 1992 அரசியல் சாசனம் (277-ஆவது பிரிவு) உரிய குடும்பத்திலும் வம்சத்திலும் வந்து, மரபுப்படி தேர்வானவரைத்தான் தலைவர் என்கிறது. அசாந்தே தலைநகர் குமாசியில் வேலை பார்த்தபோது பக்கத்து கிராமத்தில் ஒரு பட்டமேற்பு பார்த்திருக்கிறேன். ஐரோப்பியர் ஒருவர், தோளிலிருந்து நழுவும் கென்டே துணியை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி, மறுகையில் வாள் ஏந்திச் சத்தியம் செய்தார். மேளம் ஓய்வதற்குள் ஒரு பெரியவர் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்! மேலே பின்னூட்டத்தில் ‘காசுக்கு வாங்கும் டாக்டர் பட்டம் மாதிரிதானே’ என்று கேட்ட நண்பரே, டாக்டர் பட்டம் வாங்கியவரிடம் யாரும் போர்வெல் கேட்பதில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே மறைந்த ‘தலைவர்கள்’ உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜமைக்கப் பாடகர் பாப் மார்லியின் மனைவி ரீட்டா மார்லியும் இப்படிப் பட்டம் பெற்றவர்தான். அது அசாந்தே அல்ல, கானாவிலேயே அக்குவாப்பிம் பகுதியில் உள்ள கொன்கொனூரு என்ற ஊர். அந்த ஊரிலேயே வீடு கட்டிக் குடியேறினார், அவருடைய அறக்கட்டளை பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் உதவியது. கட்டுரையில் அவர் பெயரே இல்லாதது ஆச்சரியம்.