ஈரம் காட்டும் ஜெல்லும் கடைமடை உப்பும்

கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்) கலந்த ஹைட்ரோஜெல்லை, அதாவது நீரை உறிஞ்சி வீங்கும் கூழ்போன்ற பொருளை, வயலில் புதைத்து, அதன் மின்தடையைக் கொண்டே மண்ணின் ஈரத்தை அளந்துவிடலாம் என்று ஒரு கட்டுரை சொல்வது பாதி உண்மையே. இந்த ஜெல்லில் மின்சாரம் இரு வழிகளில் செல்கிறது: நீரில் கரைந்த அயனிகள் ஒரு வழி; ஒன்றையொன்று தொட்டும் நெருங்கியும் வலைபோல் அமைந்த நானோகுழாய்களில் ஓடும் எலக்ட்ரான்கள் மற்றொரு வழி. குழாய்கள் மிக நீண்டு மெலிந்தவை என்பதால், நன்கு பிரிந்து பரவியிருந்தால், எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவான அளவிலேயே அந்த வலை உருவாகிவிடக்கூடும்; ஆனால் நீரோடு ஒட்டாத அவை திரண்டு கட்டியாவதே வழக்கம் (இதைக் கட்டுரை தொடவே இல்லை). ஜெல் நீரை உறிஞ்சி வீங்கும்போது குழாய்கள் விலகி எலக்ட்ரான் பாதை நலிகிறது. அயனிகளின் நகர்வோ எளிதாகிறது. ஆகவே ஈரம் கூடினால் மின்தடை கூடுமா, குறையுமா என்பதே கலவையைப் பொறுத்தது.

காவிரிப் பாசனத்தின் கடைசி முனையில் உள்ள வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடைமடைப் பகுதிகளில் சிக்கல் இன்னும் பெரிது. அங்குள்ள உவர்நீர் அயனிக் கடத்தலைக் கூட்டுவதோடு, மின்னூட்டமுள்ள ஜெல் வகைகளைச் சுருங்கவும் செய்யும் என்பதால், தஞ்சாவூரின் ஆற்றுப்பாசன வயலில் அளவு சரிசெய்த கருவி அங்கே தவறான ஈரத்தையே காட்டும். கட்டுரை பரிந்துரைக்கும் ஒற்றை மின்தடை அளவீட்டுக்குப் பதிலாக, மாறுதிசை மின்னோட்டத்தில் பல அதிர்வெண்களில் இம்பீடன்ஸை (அம்மின்னோட்டத்துக்கு எதிரான மொத்தத் தடையை) அளந்தால், இரு வழிகளின் பங்கையும் ஓரளவேனும் பிரித்தறியலாம்.