டிப்ளமோ வேறு, ஏஜென்சி அங்கீகாரம் வேறு

மேலே ஒருவர், “ஐயாட்டா டிப்ளமோ முடித்தால் சொந்த ஏஜென்சிக்கு அங்கீகாரம் தானாக வந்துவிடும், டூர் ஹோல்சேல் வேலைக்கும் அது போதும்” என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியல்ல. (ஐயாட்டா என்பது சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கம்; டூர் ஹோல்சேல் என்பது டூர் பேக்கேஜ்களை மற்ற ஏஜென்ட்களுக்கு மொத்தமாக விற்பது.)

டிப்ளமோ தனி ஆளுக்குத் தரும் பயிற்சிச் சான்றிதழ். அங்கீகாரம் நிறுவனத்துக்கு, அதற்குக் கணக்கு வழக்கு, நிதி நிலை எல்லாம் பார்ப்பார்கள்.

அப்புறம், அமேடியஸ் என்ற முன்பதிவு மென்பொருளில் டிக்கெட் போடத் தெரிவது நல்லதுதான். ஆனால் ஹோல்சேலில் உங்கள் வாடிக்கையாளர் பயணி அல்ல, இன்னொரு ஏஜென்ட். ஓட்டலிடம் நெட் ரேட் (கமிஷன் சேர்க்காத விலை) பேச வேண்டும், அறைகளை முன்கூட்டியே பிளாக் செய்து வைக்க வேண்டும். விற்காத அறைகளைத் திருப்பிக் கொடுக்கக் கடைசி நாளான ரிலீஸ் தேதியை மறந்தால் விற்காத அறையின் வாடகை நம் தலையில் விழலாம். காஸ்டிங் (செலவைக் கணக்கிட்டு விலை வைப்பது) இன்னும் முக்கியம்: 60,000 ரூபாய் பஸ் வாடகையை 20 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 3,000. வந்தது 15 பேர் என்றால் 4,000. முதல் விலையையே ஏஜென்டுக்கு உறுதி சொல்லிவிட்டால் 15,000 ரூபாய் கைவிட்டுப் போகும். (எக்ஸெல் தெரியாமல் இந்தப் பக்கம் வராதீர்கள்.)

சுற்றுலாவையே முறையாகப் படிக்க, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1983-இல் தொடங்கப்பட்டு, இப்போது குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் ஐஐடிடிஎம் (இந்திய சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை நிறுவனம்) இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், ஆபரேஷன்ஸ் பிரிவில் இன்டர்ன்ஷிப் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.