குளிர் மட்டுமா காரணம்?
சோவியத் யூனியன் ஃபின்லாந்து மீது படையெடுத்த போரைப் பற்றிய ஒரு கட்டுரை, '1939 குளிர்காலப் போரில் ரஷ்யர்களைத் தோற்கடித்தது பனிதான்' என்கிறது. குளிர் இரு தரப்புக்கும் ஒன்றுதானே? 1940 ஜனவரியில் கிழக்கு ஃபின்லாந்தின் ராத்தே சாலையில் சோவியத்தின் 44ஆவது டிவிஷன் அழிந்த விதத்தைப் பாருங்கள். லாரி, டாங்கி, பீரங்கி எல்லாம் காட்டுக்குள் போன ஒற்றைச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு நின்றன. ஃபின்லாந்துத் தளபதி சீலாஸ்வுவோவின் ஆட்கள் சாலைக்கு இணையாகக் காட்டுக்குள் பனிச்சறுக்குத் தடம் போட்டு, பக்கவாட்டில் பாய்ந்து, மரங்களை வெட்டிச் சாய்த்து அந்த வரிசையைத் துண்டு துண்டாக்கினார்கள். குறிவைத்துத் தாக்கியவற்றில் முக்கியமானவை நடமாடும் சமையல் வண்டிகள். சூடான சாப்பாடு நின்றால், தீ மூட்டினால் சுடப்படும் இடத்தில் ஒரு படை எத்தனை நாள் தாங்கும்? ஃபின்லாந்துக்காரர்களுக்கோ பின்னால் அடுப்பு வைத்த கூடாரம் இருந்தது. ஃபின்லாந்துக்காரர்கள் டாங்கிகள் மீது கொளுத்தி வீசிய பெட்ரோல் பாட்டிலை, கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'கையில் கிடைத்ததை வைத்துச் செய்தது' என்கிறார், அதுவும் சரியல்ல. அரசு மதுபான நிறுவனத்தின் ராயமாக்கி ஆலையில் லட்சக்கணக்கில் தயாரானது அது. ஆல்கஹால், பெட்ரோல், ஒட்டிக்கொள்ளத் தார். பக்கத்தில் கட்டிய, காற்றில் அணையாத நீளத் தீக்குச்சிகள். டாங்கியின் பின்பக்க இன்ஜின் கம்பித்தட்டில் விழுந்தால்தான் பலன். காலாட்படை கூடவே வந்தால் அவ்வளவு நெருங்கவே முடியாது. அதே குளிர்காலத்தில், பிப்ரவரி 11 அன்று, சோவியத் தளபதி திமோஷென்கோ பீரங்கிகளைக் குவித்து, டாங்கியையும் காலாட்படையையும் சேர்த்து நகர்த்தி, சும்மா என்ற ஊரருகே ஃபின்லாந்தின் பாதுகாப்புக் கோடான மன்னர்ஹைம் அரணை உடைத்துவிட்டார். பனிதான் காரணமென்றால் அன்று அது ஏன் தடுக்கவில்லை?